நிறுத்தினேன், பிறகு அடித்தேன்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாகத்தான் இருக்கிறோம். கீழே படிக்கப் படிக்க உனக்கு இதில் சந்தேகம் வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, ஒரேயடியாக உட்கார்ந்து வேலை பார்க்காதே, நடுவில் எழுந்து நட. போன் கெட்டுவிட்டது, அதனால்தான் அம்மா முகத்தைக் காட்டவில்லை என்று அப்பா சொன்னது பொய். போன் நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டது என் இடது கை. இரண்டு விரல் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பேசினால் நீ நடுவில் அழுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

என்னோடு லாண்டரியில் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற சிட்டுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஆள் சின்னவள், வாய் பெரிசு, அதனால் வந்த பெயர். அவள் புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். குடிக்க மாட்டான், தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். சத்தம் வெளியே போகாமல் அடிக்கத் தெரிந்தவன். இவள் பொறுக்க முடியாமல் தனியாக ஓர் அறை எடுத்து, கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாள். மறுநாள் வேலை முடிந்து போனால் அவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "பூட்டு நல்ல பூட்டுதான், யார் போட்டாங்க" என்று கேட்டானாம். அன்றைக்கு இவளுக்கு விலா எலும்பு முறிந்தது. அப்புறம்தான் நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன் அறையில்தான் படுக்கிறாள், உன் அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

லாண்டரிக்குப் புதிதாக வந்திருக்கிற மேனேஜருக்கு நம் பேச்சு வராது. இங்கிலீஷ் பேசினால் கவுண்டரில் மின்விசிறிக்கு அடியில் நிற்கலாம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஆவியில் வேக வேண்டியதுதான். அதனால் நானும் சிட்டுவும் சனிக்கிழமை மத்தியானம் மருந்துக்கடை மாடியில் ஒரு டீச்சர் நடத்துகிற வகுப்பில் சேர்ந்தோம். உன் அப்பா, "தமிழ்லயே இவ்வளவு பேசறவ, இன்னொரு பாஷையும் வந்தா வீடு தாங்காது" என்றார். என் விரல் முறிந்த அன்றைக்கு நடந்த பாடத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். முடிந்துபோனதைச் சொல்கிற வினைச்சொல்லுக்குப் பின்னால் "டு" போட்டு இன்னொரு வினையைச் சேர்ப்பது. "வான்டட் டு கோ" என்றால் போக ஆசைப்பட்டேன், "ரெஃப்யூஸ்டு டு கோ" என்றால் போக மாட்டேன் என்றுவிட்டேன், "ட்ரைடு டு கோ" என்றால் போகப் பார்த்தேன். சிட்டு எழுந்து, "என் வீட்டுக்காரன் என்னைக் கொல்லப் பார்த்தான் டீச்சர், அதை எப்படிச் சொல்றது" என்று கேட்டாள். டீச்சர் பலகையில் "ஹி ட்ரைடு டு கில் மீ" என்று எழுதினாள். சிட்டு அதைச் சத்தமாக வாசித்தாள், நாங்கள் எல்லோரும் கூடவே வாசித்தோம்.

வகுப்பின் கதவை உள்ளே பூட்டித்தான் இருந்தோம். சிட்டுவின் புருஷனுக்கு அது ஒரு பொருட்டா. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை, சுத்தியலோடு நின்றான். யாரையும் திட்டவில்லை, நேராகச் சிட்டுவிடம் போய் ஓங்கினான். டீச்சர் குறுக்கே விழுந்தாள், அடி அவள் தோளில் இறங்கி எலும்பு ஒடிந்தது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மற்றவர்கள் படிக்கட்டில் உருண்டு ஓடினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சிட்டுவின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையைப் பலகையின் விளிம்பில் மோதினான். திரும்பவும் மோதினான். நாங்கள் வாசித்த எழுத்தின் மேல் அவள் ரத்தம் வழிந்தது. நான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை மடக்கி அவன் முதுகில் போட்டேன். திரும்பிச் சுத்தியலை வீசினான், என் இடது கை விரல் முறிந்தது. வலி அப்போது தெரியவில்லை. அடுத்து முகத்தில் அடித்தேன். பல் தெறித்தது, மல்லாந்து விழுந்தான், சுத்தியல் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. நான் நிறுத்திவிட்டேன். மகளே, இதுவரை செய்ததை யாரிடமும் சொல்லலாம்.

அவன் வாயில் ரத்தத்தோடு, வலது கையைத் தரையில் விரித்து ஊன்றி எழப் பார்த்தான். எழ முடியவில்லை. அப்படியே சிட்டுவைப் பார்த்து, "எந்தப் பூட்டு போட்டாலும் வருவேன்டி" என்றான். கோபமே இல்லை, பால்காரன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதுபோல் சொன்னான். நான் நாற்காலியைத் தூக்கி அதன் ஓரத்தை அந்தக் கையின் மேல் இறக்கினேன். விரல் நசுங்கியது தெரிந்தது. மறுபடியும் இறக்கினேன். இரண்டு தடவையும் தெரிந்தேதான் செய்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

போலீஸ் வந்தது. வந்த பெண் அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவள், அவளுக்கும் நம் பாஷை தெரியாது, இரண்டும் தெரிந்த டீச்சரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், சிட்டுவுக்குச் சுயநினைவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். அவன் விழுந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்து, "ஐ ஸ்டாப்டு டு ஹிட் ஹிம்" என்றேன். அன்றைக்குப் படித்த எல்லாவற்றுக்கும் "டு" வந்ததே, அதனால் போட்டேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினாள்.

தோளில் கட்டோடு வந்து டீச்சர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அடிப்பதை நிறுத்தினேன் என்றால் "ஸ்டாப்டு ஹிட்டிங்" என்று வர வேண்டுமாம். "ஸ்டாப்டு டு ஹிட்" என்றால் நின்று, நிதானித்து, அடிப்பதற்காகவே நிறுத்தினேன் என்று அர்த்தமாம். அவன் வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான், விழுந்தவனை வேண்டுமென்றே அடித்திருக்கிறாள் என்று. டீச்சர், "நான் வந்து இலக்கணப் பிழைன்னு சொல்றேன், பாடம் பாதியில நின்னதுக்கு நானே சாட்சி" என்றாள். உன் அப்பா, "டீச்சரே தப்புங்கறாங்க, அப்புறம் உனக்கென்ன" என்றார். சிட்டு தலைக்கட்டோடு என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆமான்னு சொல்லிடுங்க அக்கா" என்று அழுதாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். அதிகாரி கேட்டதை டீச்சர் தமிழில் கேட்டாள், "இது வாய் தவறி வந்ததுதானே". பொய் சொல்லப் போய் என் வாயில் உண்மை வந்துவிட்டதை நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. இனி அதைத் துடைத்தால், நான் ஏன் அந்தக் கையை உடைத்தேன் என்று யாரும் கேட்கவே மாட்டார்கள், அவன் சொன்ன பேச்சு எந்தக் காகிதத்திலும் ஏறாது. "நோ மிஸ்டேக்" என்று நானே சொன்னேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டாள். அவன் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன், டீச்சர் அழுதுகொண்டே மாற்றிச் சொன்னாள், அந்த அம்மாள் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

அவன் மேல் கொலை முயற்சி வழக்கு, உள்ளே இருக்கிறான். என் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது, அடுத்த மாதம் கோர்ட்டு. லேசாக விட்டுவிடலாம், விடாமலும் போகலாம் என்கிறார் நம் வக்கீல். சிட்டு சில நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. "நீங்க உள்ள போயிட்டா நான் எங்க போவேன், எனக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். நேற்று அவளாகவே வெந்நீர் வைத்து எனக்குத் தலை குளிப்பாட்டிவிட்டாள். துவட்டும்போது, "அந்தக் கை இனிமே மடங்காதாம் அக்கா, டாக்டர் சொல்லிட்டாராம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

டிக்கெட் போடாதே, நீ வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, லீவைச் சேர்த்து வை. அப்பாவுக்குப் போன் செய்து அதட்டாதே, பாவம், சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், உப்புதான் கைக்கு அடங்கவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் குரலுக்கு ஒருவர் பயப்படாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். முதுகுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நடந்ததைச் சொல். அம்மாவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது, அதனால் வந்த வினை என்று மட்டும் சொல்லாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா