மஞ்சள் வேட்டியில் ஒட்டியவை

18-7-85
கண்டுபிடிச்சுட்டேன், நம்ம வெண்டையை மஞ்சளாக்குறது வேற யாருமில்ல, துளசிங்கம் சித்தப்பாதான்!

விடியற்காலையில் வேலியோரம் மண்ணெண்ணெய் டின்னோடு குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னா தேவகி, இவ்ளோ சீக்கிரம்?" என்று சிரித்தார். எதற்குச் சிரிப்பு? எங்கள் செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சள், காய் வெளுத்து நாராகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் கொல்லை பச்சைப் பசேல். ஒரே கிணறு, ஒரே விதை. அப்புறம் எப்படி? நைனாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடமும்.

19-7-85
கூட்டுக் கிணற்று மோட்டார் ரூமைப் பூட்டி நைனா சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். சித்தப்பாவுக்கு இனி தண்ணீர் முறை கிடையாது. "மண்ணெண்ணெ ஊத்துறவனுக்குத் தண்ணி ஒரு கேடா?"

23-7-85
மழை இல்லை. சித்தப்பா குடத்தில் தண்ணீர் சுமக்கிறார். சுமக்கட்டும்.

27-7-85
ரேடியோவில் நான் கேட்கிற விவசாய நிகழ்ச்சி. ஒரு நாள்கூட விட்டதில்லை, மூன்று நோட்டு நிரப்பிவிட்டேன்! வெண்டை மஞ்சள் நோய் ஒரு வைரஸாம். வெள்ளை ஈ ஒரு செடியில் உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகுமாம். மழையில்லாத வெயிலில் ஈ பெருகுமாம். நோய்ச்செடியைப் பிடுங்கி எரிக்கணுமாம்.

எழுதிக்கொண்டேன். ஆனால் ரேடியோக்காரருக்கு சித்தப்பாவைத் தெரியாதே?

பிடுங்கலாமா என்று நைனாவைக் கேட்டேன். "ஆடிக் கிருத்திகைக்கு முருகன் மலைக்கு ஒரு கூடை காய் தர்றேன்னு வேண்டிக்கினு வுட்ட செடிடி. அதுவரைக்கும் கை வெக்காத." விட்டுவிட்டோம்.

10-8-85
நேற்று கிருத்திகை. காவடி எடுத்த நைனாவின் மஞ்சள் வேட்டியைத் துவைத்து, ஈரத்தோடு வெண்டைப் பாத்தியோரம் கொடியில் போட்டேன். எடுக்கப்போனால் மாவு தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். தொட்டேன் — அசைந்தது. பக்கத்தில் காய்ந்த வெள்ளைப் பாவாடையில் ஒன்றுகூட இல்லை. செடியை உலுக்கினேன். புகை மாதிரி எழும்பி, வேலியைத் தாண்டி அந்தப் பக்கம்…

ஐயோ. அப்போ அந்த டின்?

11-8-85
போய்க் கேட்டேன். "நோவு வந்த செடியப் புடுங்கிக் கொளுத்திகினு இருந்தேம்மா. பச்சைச் செடி சும்மா எரியுமா? அதான் மண்ணெண்ணெ."

வேலியோரம் நாலு செடி புதிதாக மஞ்சளாகியிருந்தது. "இது உங்க பக்கத்துலேர்ந்து வந்ததுதான். உங்க நைனாகிட்ட சொல்ல வந்தேன், மூஞ்சி குடுத்தாத்தானே?"

மற்ற செடிகள் தண்ணீரில்லாமல் தொங்கின. நான் பண்ணது. என்னா ஜென்மம் நான்?

12-8-85
வேட்டியை மறுபடி நனைத்துப் பாத்தியோரம் விரித்து நைனாவுக்குக் காட்டினேன். சித்தப்பா சொன்னதையும் சொன்னேன். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே போய்க் குடு. நீதான சொன்ன."

13-8-85
மோட்டார் ஓடுகிறது, மடை சித்தப்பா பக்கம். எங்கள் வெண்டை முழுக்கப் பிடுங்கியாச்சு. பஸ் ஸ்டாப் சுவரில் கரியால் எழுதிவிட்டு வந்தேன்:

"வெண்டை போட்டவங்க எல்லாரும் மஞ்சள் செடியை இன்னிக்கே புடுங்கி எரிங்க. மண்ணெண்ணெய் துளசிங்கம் சித்தப்பாகிட்ட இருக்கு. அவரைப் பத்தி நான் சொன்னது பொய். பார்த்தவங்க பார்க்காதவங்களுக்குச் சொல்லுங்க. — தேவகி."