சிவப்பு ஒயரும் மஞ்சள் புள்ளியும்

12-6-2003, வியாழன். உத்தமபாளையம்
மேல்காற்று, சாரல். வடகம் காயவில்லை.

எனக்குக் கண்ணும் போகவில்லை, புத்தியும் போகவில்லை. பகலில் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி இருட்டில் உட்கார்ந்தது உண்மை. அழுவதற்கு அல்ல. அது அனுமந்தன்பட்டி நாத்தனார் பரப்பிய கதை. மகள் சாரதா பெங்களூரிலிருந்து ஒரு சிலிக்கான் சிப்பை, பேட்டரியும் ஒயரும் மாட்டிய சின்னப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறாள். கம்ப்யூட்டர் சிப் செய்கிற அதே முறை, வேறு பொருள் சேர்க்கவில்லை. ஆனால் வெளிச்சம் தருமாம். ஏழு வருஷ உழைப்பு.

மூன்று நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மத்தியானம் போனில் அப்படியே சொன்னேன்.

"லேசாத்தான்மா தெரியும். குடுக்குற கரண்ட்ல முக்காலே மூணு வீசத்துக்கும் மேல சூடாப் போயிரும். வெளிச்சமா வர்றது துளி. அந்தத் துளியக் கூட்டத்தான் இத்தனை பாடு."

"துளியும் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுதாதே."

 அவள், "இங்க லேப்லயும் அதத்தான் சொல்றாக. மாசக் கடைசில எல்லார் முன்னாலயும் காட்டணும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துர்றேன்." வைத்துவிட்டாள்.

13-6, வெள்ளி
வாங்க: பிரஷர் மாத்திரை, துவரம்பருப்பு, சதுர பேட்டரி 2.

நாத்தனாரே வந்தாள்.
"என்ன மதினி, இருட்டுக்குள்ள தவமா? ஊர்ல என்னென்னமோ பேசுறாக."
"பேசுவது நீதானே."
"காப்பி நல்லாருக்கு" என்றாள். வெட்கமே கிடையாது.

பெட்டியைப் பார்க்கக் கேட்டாள். கண் மட்டும் கூர்மை. "ஒயரு புதுசா முறுக்குன மாதிரி இருக்கே. நீங்க கைய வச்சீகளா?"

வைத்தேன். வந்த அன்றே. சிவப்பு ஒயர் மைனஸில் இருந்தது. சிவப்பு பிளஸ்ஸுக்கு என்று கான்வென்ட்டில் சிஸ்டர் தலையில் ஏற்றியது. இவ்வளவு படித்தவள் இதில் தவறலாமா என்று நினைத்தபடியே மாற்றினேன். நாத்தனாரிடமும் அப்படியே சொன்னேன்.

"அவ வேணும்னே அப்படி வச்சிருந்தா?"

நாத்தனார் போனபின், சாரதா கூடவே அனுப்பிய தாள்களை எடுத்தேன். முதல் பக்கத்தோடு விட்டிருந்தேன். நாலாம் பக்கம்: இந்த சிப்புக்குக் கரண்டைத் தலைகீழாகக் கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் வரும் கதிர் கண்ணுக்குத் தெரியாது.

ஒயரைப் பழையபடி மாட்டினேன். புது பேட்டரி. கதவைச் சாத்தி, கண் பழகக் கால் மணி நேரம். பிறகு லென்ஸ்.

ஊசிமுனை. மஞ்சள். பேட்டரியைக் கழற்றினேன், இல்லை. மாட்டினேன், வந்தது. நாலு தடவை.

14-6, சனி
சாரல் இல்லை. இரண்டு முறை போன், சாரதா எடுக்கவில்லை. நியாயம். கடிதம் போட்டேன். நகல்:

"சாரதா, ஒயரை மாற்றியது நான். உன் சிப்பில் குறை இல்லை. நேற்று மூன்றரை மணிக்கு மஞ்சள் புள்ளியை என் கண்ணால் பார்த்தேன். துளிதான், நீ சொன்ன துளி. நாலாம் பக்கம் வரை படிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். தவறு என்னுடையது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. மாசக் கடைசியில் காட்டப் போகிறாயா, இல்லையா? போனில் வேண்டாம், போனில் நான் உன்னைப் பேச விடுவதில்லை. எழுத்தில் பதில் போடு."