தலைக்கட்டில் மகேஸ்வரி

சித்திரை 5, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகளை வாசுதேவநல்லூரில் மாமியாரிடம் விட்டாயிற்று. சங்கரன்கோவிலில் இறங்கி மல்லிகை, மாம்பழம், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

அம்மா வீட்டுத் தெரு முனையிலேயே தறிச் சத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷம், இன்னும் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நல்ல தூக்கம்.

தங்கை மகேஸ்வரி ஒரு முடிவோடு இருக்கிறாள். அப்பா இறந்ததும் எங்கள் வீட்டை ஊர்த் தலைக்கட்டிலிருந்து, வரி கொடுக்கும் வீடுகளின் கணக்கிலிருந்து, எடுத்துவிட்டார்கள். ஆண் இல்லாத வீடு. கோயில் வரி கிடையாது, ஊர்க் கூட்டத்தில் பேச்சும் கிடையாது. போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் அம்மன் மாலை வாங்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயராகக் கூப்பிட்டார்கள். எங்களை மட்டும் கூப்பிடவில்லை. நாளைக் கூட்டத்தில் போய் உட்காரப் போகிறாளாம்.

அம்மா: "கெட்டிக் குடுக்க வேண்டிய பிள்ள. ஊர் வாயில விழணுமா?"

சித்திரை 6, ஞாயிறு

காலை முழுக்க அப்பா நினைவு. சின்ன வயதில் கூட்டத்துக்கு என்னைத் தூக்கிப் போவார். மடியில் உட்கார்ந்து பொரிகடலை தின்பேன். அவர் பேசப் பேச, நெஞ்சு அதிர்வது என் முதுகில் தெரியும். நான் பெரிய மனுஷி ஆனபின் அவர் தனியாகக் கிளம்பினார். வராதே என்றுகூடச் சொல்லவில்லை.

மாலை. மகேஸ்வரி நேராகக் கூட்ட மண்டபத்துக்குள் போய் முன்னால் உட்கார்ந்தாள். நான் வாசலில்.

நாட்டாமைப் பெரியப்பா: "ஏட்டி, இங்கன ஒனக்கு என்ன சோலி?"

"எங்க வீட்டு வரியக் குடுக்க வந்தேன் பெரியப்பா."

"பொம்பளைக்கு ஏது மக்கா வரி? ஒங்களுக்குச் சலுகைதான செஞ்சோம்?"

"சலுகை வேண்டாம். நாந்தான் தறி ஓட்டுதேன், நாந்தான் வீட்ட நடத்துதேன். எங்க வீட்டுக்கு நாந்தான் பேசணும்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அவ அக்கா மாப்பிள்ள பேர எழுதிருவோம் வே."

"அத்தானுக்கு அவுக ஊர்ல தலைக்கட்டு இருக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு ஊரா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிட எவ்வளவு சின்ன மண்டபம்!

"யோசிச்சுச் சொல்லுதோம்." பெரியப்பா எழுந்தார். கூட்டம் கலைந்தது.

சித்திரை 8, செவ்வாய்

கொடைக்குக் கால்நாட்டு. கோயிலில் பந்தல் வேலை. தண்ணீர் வரவில்லை. எதிர் வீட்டு அத்தை எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் ரெண்டு பேர் மகேஸ்வரியிடம் ரகசியமாக: "அடுத்த கூட்டத்துக்கு நாங்களும் வரட்டாக்கா?"

மாலையில் நாட்டாமைப் பெரியப்பா வாசலில். உள்ளே வரவில்லை. அம்மாவிடம், "ஒம் மவ அவ அப்பன் மாதிரியே பிடிச்ச பிடி. வரியக் குடுத்து விடு."

"யாரு பேர எழுதுவீக பெரியப்பா?" மகேஸ்வரி.

"பாப்பம்."

அம்மா சாப்பிடவில்லை.

சித்திரை 15, செவ்வாய்

கொடை. தறிகள் எல்லாம் ஓய்வு. தெருவே புதுசாகக் கேட்கிறது. மதிய பூஜை முடிந்து ரேடியோ செட் ஒலிபெருக்கியில் மாலைக்குப் பெயர்கள். அப்பா இருந்தபோது பத்துப் பெயருக்கு முன்பே சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார். எங்கள் முறை நெருங்க நெருங்க அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு செருமல்.

"மகேஸ்வரி."

அவள் பின்னால் பொங்கல் புகைக்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அம்மா இவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதே இல்லை:

"ஏட்டி மகேசு! ஒன்னத்தான் கூப்பிடுதாவ. முகத்தத் தொடச்சிட்டு ஓடு!"