வெள்ளைப் புள்ளிகள்

இன்று காலை, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. புதிதாகச் சேர்ந்த பெண், பழைய புரோகிராம் தந்ததை அப்படியே வெப் பக்கத்தில் கொட்டியிருந்தாள். "நடுவுல இருந்த எடமெல்லாம் எங்கக்கா போச்சு?" என்று முழித்தாள். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. தூசி என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

நம் கடைசி வருடப் புராஜெக்டில் நீயும் இப்படித்தான் முழித்தாய். பெரம்பலூரிலிருந்து போகும் பஸ்களின் நேரம் காட்டும் புரோகிராம் அது, உன் யோசனை. கறுப்புத் திரையில் ஊர், காலை, மதியம், மாலை என்று எல்லாம் நேர்நேராக நின்றன. வெப் பக்கத்துக்கு மாற்றியதும் இடைவெளியெல்லாம் சுருங்கிப்போனது. உங்கள் செந்துறைக்கு மதியம் பஸ் கிடையாது. அந்தக் காலியிடம் காணாமல் போக, மாலை பஸ் மதியத்துக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. "இத நம்பி எங்க ஊரு சனம் வந்தா பஸ் ஸ்டாண்டுல வெயில்ல காயணும்டி" என்றாய். லேப் சாரிடம் கேட்டோம். "ஸ்பேஸ் பாரை நல்லா அழுத்தும்மா" என்றார் மகானுபாவர்.

அந்த லேபை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு முட்டுகிறது. மாலையில் பெண்கள் இருந்து வேலை செய்தால், கல்லூரி பஸ் கிளம்பும்வரை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். பாதுகாப்பாம்! தண்ணீர் குடிக்கக்கூட வாட்ச்மேனைக் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். உள்ளே இன்டர்நெட்டும் கிடையாது, தேடிப் பார்க்க. உனக்கோ அந்தப் புராஜெக்ட் பரீட்சைதான் வாழ்வு. "முதல் வகுப்புல தேறிக் காட்டு, திருச்சிக்கு வேலைக்கு அனுப்புறேன். இல்லன்னா தையில மாமனுக்குக் கட்டி வச்சிருவேன்" என்று உன் அப்பா சொல்லியிருந்தார். அந்த மாமன் உன் அம்மாவின் தம்பி. கெட்டவர் இல்லை, உனக்குத்தான் வேண்டாம்.

பூட்டிய அறைக்குள் புத்தி எப்படியெல்லாம் போகிறது பார். காலியிடம் முழுக்கப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளுக்கு வெள்ளை நிறம் கொடுத்தோம். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி யார் கண்ணுக்குத் தெரியும்? செந்துறை பஸ் மறுபடி மாலைக்கே போய் நின்றது. நீ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டாய்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேசிக்கொண்டே மவுஸை அழுத்தி இழுத்தார். இழுத்த இடமெல்லாம் நீலமாகி, மறைந்திருந்த புள்ளிகள் அத்தனையும் பல்லைக் காட்டின. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா இவ்வளவு பாடு? மேலயும் கீழயும் 'பிரீ'ன்னு, பி-ஆர்-இ, ஒரு டேக் போடுங்கம்மா. நீங்க விட்ட எடம் விட்ட மாதிரியே இருக்கும்." அவரே தட்டியும் காட்டினார். புரோகிராமில் குறையில்லை என்று நல்ல மதிப்பெண்ணும் போட்டார்.

முதல் வகுப்பில் தேறினாய். திருச்சிக் கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பும் வந்தது. நான் எங்கள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா வாய் நிறைய "வாம்மா" என்றார். வேலைப் பேச்சை எடுத்ததும், "அதெல்லாம் படிக்கிற புள்ள உற்சாகமா படிக்கட்டும்னு சொன்னதும்மா" என்றார். இப்படியும் ஒருவரால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியுமா? நீ அல்வாவைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் நீட்டினாய். என்னை பஸ் ஏற்ற வந்தபோதுதான் வாய் திறந்தாய். "கத்தியிருக்கணும்டி. தொண்டை வரைக்கும் வந்துச்சு."

தையில் கல்யாணம் நடந்தது. கம்ப்யூட்டரை நீ அப்புறம் தொடவே இல்லை. முதல் பிரசவத்திலேயே போய்விட்டாய். எனக்குத் தகவல் வந்தபோது உன்னை எடுத்து முடித்திருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உனக்காக துஆ கேட்காத தொழுகை எனக்கு இல்லை. அன்று கத்தாமல் விட்ட உன் மேல் கோபமும் இருக்கிறது, உன் அப்பா மேல் இருக்கும் அளவுக்கு.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நிக்காஹ் முடிந்ததும் நான் வேலையை விட்டுவிட வேண்டுமாம். உன் அப்பாவைப் போலவே என் அத்தாவும் துபாயிலிருந்து போனில், "நல்ல எடம்மா, சரின்னு சொல்லிடு. பொறவு பாத்துக்கலாம்" என்றார். "பொறவு யாரு பாக்குறது? நீங்களா?" என்று கத்தினேன். கூடத்தில் இருந்தவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். கையைத் தட்டிவிட்டு இன்னும் கத்தினேன். என் பேச்சு முடிந்த பிறகும் கத்தினேன். அது உன்னுடையதடி.