‘தானாக’ என்று எழுதிய நாட்கள்

மார்ச் 3
மேசையில் இரண்டு கடிதங்கள். நர்சிங்கிலும் இடம் கிடைத்திருக்கிறது, ஆக்குபேஷனல் தெரபியிலும் கிடைத்திருக்கிறது. இருபதாம் தேதிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். ஆறு வருடமாக வார்டில் ஆயா வேலை பார்ப்பவளுக்கு இது யோகம்தான். ஆனால் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது. பக்கவாதத்தில் வலது கை போய்க் கட்டிலில் கிடக்கும் அண்ணன் கிண்டல் செய்கிறான்: "என்ன பாப்பா, ரெண்டு மாப்பிள்ளை ஃபோட்டோவை வச்சுக்கிட்டு முழிக்கிற மாதிரி முழிக்கிற?"

மார்ச் 5
அண்ணனுக்காக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அக்கா வீட்டுக்கு வந்தார். கை விளங்காதவர்களைத் தாங்களே சட்டை போடவும் தலை வாரவும் பழக்குகிற வேலை. தினமும் காலையில் அண்ணனே பொத்தான் போட வேண்டுமாம். எவ்வளவு நேரமானாலும் யாரும் தொடக்கூடாதாம். தாளில் தினம் ஒரு கட்டம்: ‘தானாக’ அல்லது ‘உதவியோடு’. அண்ணி விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவதால் எழுதுவது என் பொறுப்பு. அந்த அக்காவின் பொறுமையைப் பார்த்தபோது, படித்தால் இதைத்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

மார்ச் 6
இருபத்தைந்து நிமிடம். ஒரு பொத்தான்கூட ஏறவில்லை. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. வார்டில் அரை மணியில் பத்துப் பேருக்கு உடை மாற்றிவிடுகிற கை இது — சும்மா இருக்குமா? ஐந்தையும் நானே போட்டுவிட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘உதவியோடு’ என்று எழுத மனம் வராமல் ‘தானாக’ என்று எழுதினேன். அவனுக்கு அவமானம் என்றா, எனக்கா?

மார்ச் 7
இன்றும் நான்தான். இன்றும் ‘தானாக’.

மார்ச் 13
ஒரு வாரமாக இதே கதை. நாளை தொடமாட்டேன் என்று தினம் ஒரு சபதம், டியூட்டிக்கு நேரமாகிறது என்று தினம் ஒரு சாக்கு. தெரபிஸ்ட் அக்கா தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பித் தொலைத்தேன்.

மார்ச் 16
போன். "எட்டு நாளா தானாவே போடுறாரே! இனிமே நான் வரவேண்டியதில்லம்மா. அந்த நேரத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டேன்." குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "சரிங்கக்கா" என்றேன். சரிங்கக்காவாம்! உண்மையைச் சொல்ல வாய் எங்க போச்சு எனக்கு?

மார்ச் 17
போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டியிருந்தால் தேவலை. மறுபடி வரிசையில் சேர்ந்தால் ஐந்து மாதம் ஆகுமாம். ஆரம்ப மாதங்கள் போய்விட்டால் கை இறுகிவிடும் — அதையும் மெதுவாகச் சொன்னார். "அவங்க தடுமாறும்போது கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுதாம்மா எங்க வேலையில பாதி."
அந்தப் பாதி என்னிடம் இல்லை. மீதி இருந்து என்ன?

மார்ச் 19
அண்ணிகிட்ட எப்படிச் சொல்றது? வருஷக் கடைசில அண்ணன் பழையபடி லாரி ஓட்டப் போயிடுவார்னு நம்பிக்கிட்டிருக்காங்க. பாவி நான்.

மார்ச் 20
நர்சிங்குக்குச் சரி சொல்லிவிட்டேன். ஆசைப்பட்டு அல்ல. அண்ணி கட்டிப்பிடித்து, "இனிமே நமக்கென்ன கவலை, வீட்டுலயே நர்ஸ்" என்றார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
காலையில் அண்ணன் முயற்சி செய்யவே இல்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். போனேன். கழுத்துப் பொத்தானுக்கு வசதியாக முகவாயைத் தூக்கிக் காட்டினான்.