குஞ்சம்மாள் குடித்த பால்

ரெட்டிபாளையம்,
கார்த்திகை, 1984.

அன்பு மகள் பூமாலைக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நான் நடமாட்டமாக இருக்கிறேன். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? பதில் தாமதம் என்று கோபிக்காதே. இங்கே நடந்ததில் பேனா எடுக்கக் கை வரவில்லை.

நான் சமையல் வேலை பார்க்கும் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் பங்குனியில் ஆடும் கோழியும் வாங்கியதை எழுதியிருந்தேன். கஞ்சியும் புளிக்குழம்புமாகத் தின்று, பிள்ளைகளுக்கு முடி செம்பட்டை பாய்ந்து வாயோரமெல்லாம் புண்ணாகிக் கிடந்தது. முட்டையும் ஆட்டுப்பாலும் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் புண் ஆறி, ஓடிப்பிடித்து விளையாடத் தெம்பு வந்தது. அதிலே குஞ்சம்மாள் என்று ஒரு சின்னப்பெண், எழுந்து நிற்கவே சீவனில்லாமல் வந்தவள், அவளுக்குத்தான் முதல் டம்ளர் பால்.

போன வாரம் விடிகிற நேரத்தில் கறுப்பாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து அழகேசன் பருத்திக்காட்டில் மேய்ந்துவிட்டுத் தானாகவே கொட்டகைக்கு வந்து நின்றிருக்கிறது. எனக்குத் தெரியாது. கறந்தேன், காய்ச்சினேன், குஞ்சம்மாளுக்கு ஆற்றிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஊற்றப் போகும்போது ஆடு கத்துகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்த அழகேசன், 'நேத்துதான் பூச்சி மருந்து அடிச்சேன் அக்கா, பாலு யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா' என்று கேட்டான். குஞ்சம்மாளைக் கையால் காட்டினேன். மிச்சப் பாலைக் குழியில் கொட்டிவிட்டு வருவதற்குள் அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, சிமெண்டு லாரியை வழிமறித்து நின்றான். அரியலூர் போகிற வழியில் லாரியிலேயே பிள்ளை என் மடியில் வாந்தி எடுத்தது. 'நான் பாலச் சிந்தலியே ஆயா, என்னை ஏன் தூக்கிட்டுப் போறீங்க' என்று கேட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்து மருந்து ஏற்றிவிட்டு, 'பால்ல விஷம் எறங்குச்சா இல்லியான்னு இப்ப சொல்ல முடியாது, தூங்க விடாம பேச்சுக் குடுங்க' என்றார். எந்தக் கோழி எங்கே முட்டையிடும் என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்கிற வேளையில் சோறு வேண்டும் என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த அழகேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆடு செத்துப்போனது.

மறுநாளே இல்லத்துக் கமிட்டிக்காரர்கள் வந்து, இருக்கிற ஆடு கோழி எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னார்கள். எங்கள் வார்டன் சாமிதுரை சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. 'வித்துட்டா மறுபடியும் கஞ்சித்தண்ணிதானே சார், அதுல சாவுற பிள்ளைய எந்த லாரியில தூக்கிட்டுப் போறது' என்று கேட்டுவிட்டேன். அழகேசனும் வந்து, மருந்தடித்ததைச் சொல்லாதது தன் தப்புதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, தன் வீட்டுக் கறவையாடு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினான். ஆடுகளை வெளியே விடாமல் தழை ஒடித்துப் போட்டு வளர்ப்பதாக இருந்தால் பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிப் போயிருக்கிறார்கள். அப்புறம் என்ன செய்வார்களோ தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டுத் தையில் உன்னிடம் வந்துவிடச் சொல்லி மாப்பிள்ளை எழுதியிருந்தார். கோபப்படவேண்டாம் என்று சொல். அங்கே குளிர் அதிகம், பேத்திக்குக் காதைக் கட்டிவிடு, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள். நான் இப்போது வருவதற்கில்லை. குஞ்சம்மாள் இப்போது யார் கொடுத்தாலும் பால் குடிப்பதில்லை. நான் முதலில் ஒரு வாய் குடிக்கவேண்டும். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் டம்ளருக்குக் கை நீட்டுகிறாள்.

உன் அம்மா,
ரத்தினம்மாள்