மிஷின் என்ன கலர்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு வராது, "ம்" மட்டும்தான் வரும். அதிலும் உன் விடுதியில் எல்லாருக்கும் ஒரே போன், பின்னால் வரிசை நிற்கும் என்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

அம்மா சுகம். கூரை ஒழுகும் இடத்தில் இன்னும் அதே வாளி. அப்பாவின் இடது கையில் தையல் பிரித்துவிட்டார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்த இடம் வழவழவென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா செய்தித்தாளை விரித்து அதற்கு அடியில் கையை வைத்துக்கொள்கிறார். படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

கட்டிங் மிஷினில் அப்பாவின் விரல் போன அன்றைக்கு அம்மா உனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தாள். எந்தக் கை என்று நீ கேட்கவில்லை. எத்தனை விரல் என்றும் கேட்கவில்லை. "மிஷின் என்ன கலர்?" என்று கேட்டாய். பச்சை என்றேன். குரலைத் தாழ்த்தி ரகசியம் போலச் சொன்னாய். பச்சை, மஞ்சள், நீலம் மூன்றுமே உன் தொழிற்சாலையில் ஒரே வரிசையில்தான் வருகின்றன, மேலே மூடும் கூட்டின் கலரும் பெயரும்தான் வேறு வேறு என்றாய். ஒரு லாட் ஸ்விட்சில், அதாவது ஒரே தடவையில் வந்த சரக்கு முழுவதிலும், ஸ்பிரிங் தளர்வாக வந்துவிட்டது, விரலை எடுத்தாலும் சில சமயம் அணையாது என்றாய். நீலக் கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பச்சைக் கம்பெனியைப் புதிதாக வாங்கியவர்கள் சோதிக்கவே இல்லை. "அதான் எல்லாத்தையும் பச்சையில போட்டோம்" என்றாய். போட்டார்கள் என்று சொல்லவில்லை. கடைசியில் "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாய். நான் "ம்" என்றேன்.

சர்வீஸ் சென்டரில் நான் உள்ளறையில்தான் இருக்கிறேன். முதலாளி ஒரு வாரம் என்னைக் கவுன்டரில் உட்கார வைத்துப் பார்த்தார். வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்று மறுபடியும் உள்ளே அனுப்பிவிட்டார். மிஷினைப் பிரித்துத் தூசு ஊதுவது, அட்டை கட்டுவது என் வேலை. வெளியே நடக்கும் சண்டையெல்லாம் பலகைத் தடுப்பு வழியாகக் கேட்கும்.

சண்டை எல்லாம் பச்சையால்தான். முன்பு அதற்கு மூன்று வருட வாரண்டி. கம்பெனி கைமாறியதும் ஒரு வருடம் ஆக்கிவிட்டார்கள். மூன்று வருடம் வேண்டுமென்றால் வாங்கிய மாதமே போனில் பதிய வேண்டுமாம். அதை அட்டைப்பெட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கிறார்கள். ஸ்விட்ச், கார்பன், வயர் எல்லாம் தேய்மானப் பொருளாம், அவை எந்த வருடத்திலும் சேராது. போன வாரம் ஒரு வெல்டர் வந்து, "பேரு அதே, கலரு அதே, வாரண்டி மட்டும் எங்கய்யா போச்சு?" என்று சத்தம் போட்டார். முதலாளி, "பொண்ணு அதேதாங்க, மாமனார் வீடுதான் மாறிடுச்சு" என்றார். அதற்கு வெல்டர், "அப்ப பொண்ணை நீங்களே திருப்பி எடுத்துக்குங்க" என்று மிஷினைக் கவுன்டரில் டமாரென்று வைத்துவிட்டுப் போனார். நான் உள்ளே தனியாகச் சிரித்தேன். அதற்கு அடுத்து வந்தது அப்பாவின் கட்டிங் மிஷின்.

அப்பா வேலை செய்த கட்டடக் காண்ட்ராக்டர்தான் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் மெக்கானிக்குக்கு மூக்கு என்று பட்டப்பெயர், மோட்டார் எரிந்ததா இல்லையா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அன்றைக்கு மோந்துகூடப் பார்க்கவில்லை. பின்மூடி ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் வெள்ளி ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. "ஸ்டிக்கர் போச்சுன்னா வாரண்டி போச்சு. உள்ள கை வச்சவர்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு" என்று சொல்லி, வாரண்டி இல்லாத மிஷினில் கட்டும் சிவப்பு அட்டையைக் கேட்டார். ஸ்விட்சை அவர் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. யார் மிஷின் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமலேதான் கேட்டார்.

மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் கட்டையை மாற்றத்தான் அப்பா பிரித்திருக்கிறார், அண்ணா. பழைய பச்சையில் கார்பனுக்கு வெளியிலேயே இரண்டு மூடி இருந்தது நினைவிருக்கிறதா? இவர்கள் அதை உள்ளே தள்ளி மேலே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். அப்பாவைக் கேட்டேன். "கார்பன் மாத்தறதுக்கு ஒரு மெக்கானிக்கா? பேனாவுக்கு மை ஊத்த ஆள் கூப்பிடுவாங்களா?" என்றார். அவர் ஆயுசு முழுக்க அப்படித்தானே செய்தார். "உரிமையாளர் பிரித்துள்ளார், வாரண்டி செல்லாது" என்று அப்பா பெயரைப் போட்டு நான்தான் எழுதினேன், நான்தான் கட்டினேன்.

காண்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்தார். "மிஷின் கோளாறுன்னு கம்பெனி ஒரு வார்த்தை சொல்லட்டும், ஆசாரி. உங்களை மரவேலை மேற்பார்வைக்கு வச்சுக்கறேன். உங்க கவனக்குறைவுன்னு சொல்லிட்டா நான் எப்படிச் சேர்க்க முடியும்? நாளைக்கு இன்னொருத்தன் கை போனா நான்ல கம்பி எண்ணணும்?" என்றார். பச்சைக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வரப்போகிறார். அவர் சொல்வதுதான் முடிவு. அப்பாவை இதுவரை யாரும் கவனமில்லாதவர் என்று சொன்னதில்லை. அவர் இழைத்த கதவுகள் இந்தத் தெருவிலேயே எத்தனை இருக்கின்றன என்று உனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். ஸ்விட்ச் விஷயத்தை நீ கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். உனக்கு எப்படிச் சொல்ல முடியுமோ அப்படிச் சொல். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதிகாரி வருவதற்குள் உன் பதில் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும்,
உன் தங்கை.


அண்ணாவுக்கு,

நீ ஒரு வரிசைக்கே பொறுப்பான லைன் லீடர் ஆன செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால்காரருக்கு இரண்டு முறை சொன்னாள். என்னிடம் நீ போனில், "இப்ப இதெல்லாம் கிளறாதே, எனக்கு வேலை காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிற நேரம். அப்பாவுக்கு நான் வேற வழி பண்றேன்" என்றாய். இந்த முறையும் "ம்" என்றுதான் சொன்னேன். நீ சரியென்று எடுத்துக்கொண்டாய்.

அதிகாரி எங்கள் சர்வீஸ் சென்டருக்கே வந்தார், அப்பாவையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. அப்பாவுக்கு அவரே நாற்காலி இழுத்துப் போட்டார். எங்கள் முதலாளிகூட அப்படிச் செய்ய மாட்டார். சிவப்பு அட்டையோடு மிஷினை மூக்கு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு. மிஷின் நின்ன பிறகுதான் கட்டையை எடுக்கணும்னு நான் சொல்லித் தெரியணுமா ஐயா?" என்று அதிகாரி கேட்டார். அப்பா, "விரலை எடுத்துட்டேன் சார். அது நிக்கல" என்றார். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று அவர் சிரித்தார். மூக்கும் சேர்ந்து சிரித்தார். முதலாளி சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைத் தடுப்புக்கு வெளியே தள்ளியது. நானாக வந்தேன் என்று சொல்ல முடியாது. "நீலக் கம்பெனி இந்த ஸ்விட்சை வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுச்சு. அதைத்தான் பச்சையில போட்டிருக்காங்க" என்றேன். அந்தக் கடையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. மூக்கு வாயைப் பிளந்தார்.

அதிகாரி கோபப்பட்டிருந்தால் நான் அழுதுகொண்டே உள்ளே ஓடியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. பேனாவைத் திறந்தார். "நல்ல விஷயம் சொன்னியேம்மா. இது உள்ள வேலை செய்யறவங்களுக்குத்தான் தெரியும். யார் சொன்னாங்க? பேரைச் சொல்லு, இப்பவே விசாரிக்கச் சொல்றேன்" என்றார். குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவது போல அவ்வளவு அன்பாகக் கேட்டார்.

உன் பெயர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது அப்பா என்னைப் பார்த்தார். நீ எங்கே வேலை செய்கிறாய், என்ன செய்கிறாய் என்று அவருக்குத் தெரியாதா? மரத்தில் ஓடும் விரிசலைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார். எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாருக்கும் காட்டாத அந்தக் கையை எடுத்து எல்லாருக்கும் தெரிய மேசைமேல் வைத்தார். "சின்னப் பொண்ணு சார், எங்கியோ கேட்டதை உளறுது. மனசு வேற எங்கியோ இருந்துச்சு, நிக்கறதுக்குள்ள கையை விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றார்.

"அப்படி உண்மையைச் சொன்னீங்கன்னா எல்லாருக்கும் நல்லதுதானே ஐயா" என்று அதிகாரி பேனாவை மூடினார். அப்பாவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அப்பா அதைக் குடித்தார். குடிக்காமல் வந்துவிடுவார் என்று நான் நினைத்தேன்.

திரும்பி நடந்து வரும்போது, "அவன் எப்ப சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். இரும்புக் கடை வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். அங்கே நின்று, "நல்ல வேளை, பேரைச் சொல்லல" என்றார்.

உன்னை நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ளாதே, அண்ணா. சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அப்பா ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் நீ இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டுமென்றால் போனில் திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன். பதில்தான் எனக்கு வராதே.
உன் தங்கை.


அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால் "அன்புள்ள" போட்டிருக்கிறேன். இப்போது அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

நீ கொடுத்தனுப்பிய நீல மிஷின் வந்து சேர்ந்தது. ஐந்து வருட வாரண்டி, பதியவும் வேண்டாம், ஸ்டிக்கரும் இல்லை, கார்பன் மூடி வெளியிலேயே இருக்கிறது. அம்மா அதற்குத் திருஷ்டி படும் என்று துணி போட்டு மூடி வைத்தாள். அப்பா வேலைக்குப் போகவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை, உனக்கே தெரிந்திருக்கும். காண்ட்ராக்டர் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார். மற்றவர்கள் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அலமாரிக் கதவு தொங்குகிறது, வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். "ஆசாரியே ஒத்துக்கிட்டாராமே" என்று அந்த வீட்டு அத்தை அம்மாவிடமே சொன்னாள். அம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. "கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கலாம்ல" என்று அவளும் அப்பாவைக் கேட்கிறாள். சோறு போடும்போது கேட்கிறாள். அப்பா "ஆமா, பார்த்திருக்கணும்" என்கிறார்.

யாரும் இல்லாத நேரம் பார்த்து அப்பா உன் மிஷினை வெளியே எடுத்தார். பிளேடு மாட்டவில்லை. ஸ்விட்சை அழுத்தினார், விட்டார். உடனே அணைந்தது. மறுபடி அழுத்தினார், விட்டார். எத்தனை முறை செய்தார் என்று தெரியாது, எனக்குக் காது வலிக்கும் வரை செய்தார். "சுத்தமா நிக்குது. நல்ல ஸ்விட்சு" என்றார். பிறகு இடது கையால் முன்பிடியைப் பிடிக்கப் பார்த்தார். பிடி நிற்கவில்லை. துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

முதலாளி என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. "உன் வாய்க்கு உள்ளறைதான் சரி" என்றார், அவ்வளவுதான். நேற்று டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர் பச்சை மிஷினோடு வந்தார். "நிறுத்தினா நிக்க மாட்டேங்குது, பேய் பிடிச்ச மாதிரி ஓடுது" என்றார். ஸ்விட்ச் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று மூக்கு சொல்லிவிட்டார். நான் தடுப்பைத் தாண்டிப் போய் அவரிடம், "அண்ணே, இதை ஓட்டாதீங்க. ஸ்விட்சை மாத்திட்டு ஓட்டுங்க" என்றேன். அவர் கையைப் பார்த்தேன், பத்து விரலும் இருந்தன. மற்றவர்களுக்கு யார் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ இப்போது லைன் லீடர், உனக்குத் தெரிந்திருக்கும். இன்னும் அந்த லாட் மிச்சம் இருக்கிறதா?

உனக்கு என்ன எழுத வேண்டும் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். கை நன்றாக ஆறிவிட்டதாம். சின்னச் சின்ன வேலைக்குப் போய் வருகிறாராம். மிஷின் ரொம்ப உபயோகமாக இருக்கிறதாம். நீ வீட்டை நினைத்துக் கவலைப்படாமல் வேலையைப் பார்க்க வேண்டுமாம்.

அம்மா வந்துவிட்டாள். தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். என்னுடையதையும் எழுதுகிறேன். நீ நன்றாக இரு, அண்ணா. மேலே மேலே வா. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அப்பா அந்தக் கையை மேசைமேல் வைத்தார். அது வீணாகக் கூடாது.
உன் தங்கை.